கண்டிசனர், மென்மையாக்கி, சவ்லோன்: அளவெட்டி வீடுகளுக்குப் பயனுள்ள 18 குறிப்புகள்

அளவெட்டிக் கிணற்றுத் தண்ணீரில் தோய்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சவர்க்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நுரை இலேசில் வராது. தோய்ந்து காய்ந்த தலை முறுகி நிற்கும். வாளியின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். மல்லாகம், தெல்லிப்பழை, சுன்னாகம் எங்கும் இதே நிலைதான். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டே எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம்.

இந்தத் தண்ணீரோடு இப்போது வேறு சில போத்தல்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன: தலைக்குக் கண்டிசனர், உடுப்புக்கு மென்மையாக்கி, காயத்துக்குச் சவ்லோன், நிலத்துக்குக் கிருமிநாசினி. பார்க்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. வேதியியலில் ஒரே குடும்பம். சவர்க்காரத்தில் வேலை செய்யும் பகுதி மறையேற்றம் கொண்டது. இவற்றில் வேலை செய்யும் பகுதி நேரேற்றம் கொண்டது. கற்றயன் வகை மேற்பரப்புச் செயலிகள் என்று பாடப்புத்தகம் சொல்வது இவற்றைத்தான். சவர்க்காரத்துக்குப் பழகிய கையோடு இவற்றைப் பாவித்தால் காசும் வீண், கிணற்றுக்கும் கேடு.

1. வாங்கும்போதே போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். செற்றிமோனியம் குளோரைட்டு, பெகென்றிமோனியம் குளோரைட்டு, பென்சல்கோனியம் குளோரைட்டு, செற்றிமைட்டு என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது நேரேற்றச் சாமான். ஒரு நைதரசன் அணு, அதைப் பிடித்து நிற்கும் நான்கு காபன் தொகுதிகள், அவற்றில் ஒன்றாவது நீண்ட கொழுப்பு வால்: இதுதான் இவற்றின் அமைப்பு. சோடியம் லோரில் சல்பேற்று, சோடியம் லோரெத் சல்பேற்று என்றிருந்தால் மறையேற்றச் சாமான். ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம், சலவைத் தூள், சவர்க்காரக் கட்டி எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கம். வீட்டிலுள்ள போத்தல்களை ஒருநாள் இருந்து இப்படி இரண்டு தட்டில் பிரித்து வையுங்கள். கீழே வரும் குறிப்புகளில் பாதி இந்தப் பிரிவினையை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2. உங்கள் கிணறு எவ்வளவு வன்னீர் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அதேயளவு மழைத்தண்ணீர். கோடை காலமென்றால் பற்றறிக்கு ஊற்றும் வடித்த நீர் போதும். சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் சீவி, நகத்தளவு சீவலை இரண்டிலும் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை போத்தலின் கழுத்து வரை ஏறி அப்படியே நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் எழும் கொஞ்ச நுரையும் கையெடுத்ததும் அடங்கிவிடும். தண்ணீர் பால்நிறமாகும், வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும், கண்ணாடியில் ஒரு வளையம் படியும். அந்தத் துணுக்குகள்தான் கல்சியச் சவர்க்காரம். அழுக்கைத் தூக்க வேண்டிய சவர்க்காரம் கல்சியத்தோடு கட்டுண்டு தானே அழுக்காகிவிட்டது. மேலும் மேலும் சீவலைப் போட்டுக் குலுக்கினால் ஓரிடத்தில் நுரை நிலைக்கும். அந்த அளவுக்குள் போன சவர்க்காரம் முழுவதும் எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குக் கொடுத்த வரி. தண்ணீரின் வன்மையை அளக்க ஸ்கொட்லாந்து வேதியியலாளர் தோமஸ் கிளார்க் 1841 இல் சொன்ன முறையும் இதே அடிப்படைதான்.

அதே கிணற்றுத் தண்ணீரில் இன்னொரு போத்தல் நிரப்பி, சொட்டுக் கண்டிசனர் விட்டுக் குலுக்கிப் பாருங்கள். தண்ணீர் மங்கும், ஆனால் அந்தத் துணுக்குகள் வராது. கல்சியமும் நேரேற்றம், கண்டிசனரும் நேரேற்றம், இரண்டும் ஒட்டுவதில்லை. சவர்க்காரம் தோற்கும் தண்ணீரில் இந்தக் குடும்பம் தன் வேலையைச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

3. உடுப்புத் தோய்க்கும் வாளியில் சவர்க்காரம் போடுமுன் கொஞ்சம் சலவைச் சோடாவைக் கரைத்துவிடுங்கள். கல்சியம் காபனேற்றாகப் படிந்துவிடும், சவர்க்காரம் மிஞ்சும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. தலைக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

4. மூடியால் அளந்து ஊற்றுங்கள், அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். இது சிக்கன உபதேசமல்ல, இந்த மூலக்கூறுகளின் இயல்பு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலையும் தண்ணீரை வெறுக்கும் கொழுப்பு வாலும் உண்டு. தண்ணீரில் விழுந்தவுடன் முதலில் வருபவை மேற்பரப்புக்கு ஓடி, வாலைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். 25 பாகையில் தூய நீரின் மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன். இவை வந்து நிரம்ப அது ஏறத்தாழப் பாதியாக இறங்கும். மேற்பரப்பு நிரம்பிய பிறகு வருபவை என்ன செய்யும்? தண்ணீருக்கு உள்ளேயே ஒன்றுசேர்ந்து, வால்களை நடுவில் மறைத்து, தலைகளை வெளியே காட்டி, கடம்பம் பூவாய் உருண்டு திரளும். அந்தத் திரளின் பெயர் மிசெல். செற்றில்றைமெதைல் அமோனியம் புரோமைட்டு என்ற 16 காபன் வாலுள்ள பொருளில் ஒரு திரளுக்கு ஏறத்தாழ 90 மூலக்கூறுகள், குறுக்களவு 5, 6 நனோமீற்றர்.

திரள் கட்டத் தொடங்கும் செறிவு அந்தப் பொருளுக்கு லீற்றருக்கு 0.9 மில்லிமூல் அளவு. எங்கள் கணக்கில் சொன்னால் ஒரு லீற்றருக்கு ஒரு கிராமில் மூன்றிலொன்று. 20 லீற்றர் வாளிக்கு 6, 7 கிராம். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் தனி மூலக்கூறுகளின் அளவு அவ்வளவாகக் கூடாது, மிசெல்களின் தொகைதான் கூடும். மேற்பரப்பிழுவிசையும் அதற்குக் கீழே பெரிதாக இறங்காது. வால் நீள நீள இந்த எல்லை விரைவாகக் குறையும்: 12 காபன் வாலுக்கு 15 மில்லிமூல், 14 காபனுக்கு 4 அளவில், 16 காபனுக்கு 1 இலும் குறைவு. தண்ணீரில் உப்பு இருந்தால் தலைகளுக்கிடையிலான விலக்கம் தணிவதால் எல்லை இன்னும் கீழே போகும். எங்கள் தண்ணீரில் உப்புக்குக் குறைவில்லை. ஆகவே போத்தலில் ஒரு மூடி என்று போட்டிருந்தால் ஒரு மூடிதான். நுரை வரவில்லையே என்று இரண்டாம் மூடி ஊற்ற வேண்டாம். நுரைப்பது இவற்றின் வேலையல்ல.

இவ்வாறு திரள்வதை முதலில் எடுத்துச் சொன்னவர் வேதியியலாளர் மக்பெயின், 1913 இல். நேரேற்ற வகைகளையும் ஆராய்ந்து, மிசெல் உருண்டையானது என்று விளக்கியவர் ஹார்ட்லி, 1936 இல். அவர்களுக்கெல்லாம் முன்னே, பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அக்னஸ் பொக்கல்ஸ் என்ற ஜேர்மன் பெண் வீட்டுக் குசினியில், கழுவுநீர் மேற்பரப்பில் நடப்பதைக் கவனித்துத் தானே ஒரு தட்டத்தைச் செய்து அளந்தார். அவருடைய கடிதம் 1891 இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. பாத்திரம் கழுவுவதைச் சில்லறை வேலை என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிக்காட்டுங்கள்.

5. சவர்க்காரம் போட்டுக் கழுவிய காயத்தில் உடனே சவ்லோன் விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவ வேண்டும். ஏன் என்று கண்ணால் காண விரும்பினால், ஒரு கோப்பை மழைத்தண்ணீரில் சவர்க்காரத்தைக் கரைத்துத் தெளியவிட்டு, அதில் சவ்லோனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த இடத்திலேயே வெள்ளையாய்க் கலங்கும். நேரேற்றமும் மறையேற்றமும் கட்டிப்பிடித்து, இரண்டும் வேலையற்றுப் படிகின்றன. சவ்லோனில் இருப்பவை செற்றிமைட்டும் குளோர்ஹெக்சிடீனும். இரண்டுமே நேரேற்றம், இரண்டையும் சவர்க்காரம் முடக்கும். தோட்டத்தில் மண்வெட்டி பட்ட காலைச் சன்லைட் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு, அந்த நுரை போகுமுன்னே சவ்லோன் ஊற்றுவது எங்கள் வீடுகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. மருந்து போட்டாயிற்று என்று மனம் ஆறும். கிருமிக்கு அது தெரியாது. முதலில் மண் போகக் கழுவுங்கள், பிறகு வெறும் தண்ணீர், கடைசியாகப் போத்தலில் சொன்ன அளவுக்குக் கலக்கிய சவ்லோன். துருப்பிடித்த இரும்பு வெட்டியதென்றால் ஏற்பு ஊசிக்கு வைத்தியசாலைக்குப் போவதை எந்தப் போத்தலும் ஈடுசெய்யாது.

6. சவ்லோன் காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகக்கூடாது. குளோர்ஹெக்சிடீன் நடுக்காதையும் விழிவெண்படலத்தையும் கெடுக்கும். காதுக் குடைச்சலுக்கு இரண்டு சொட்டு விட்டால் நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சவ்லோனில் ஊறவைத்த துணியை அதன்பின் வெளிறச்செய்யும் குளோரின் நீரில் போடவும் வேண்டாம். மண்ணிறக் கறை விழும், பிறகு போகாது.

7. கண்டிசனரைத் தலையின் அடியில் தேய்க்காமல் மயிரின் நுனியிலிருந்து பூசுங்கள். தலைமயிரின் புரதம் வழக்கமான தண்ணீரில் மறையேற்றம் கொண்டிருக்கும். வெயிலும் சீப்பும் சாயமும் பட்டுத் தேய்ந்த நுனியில் அந்த ஏற்றம் இன்னும் கூட. நேரேற்ற மூலக்கூறு தேடிப்போய் ஒட்டுவதும் அங்கேதான். தலையை மயிரில் பதித்து வாலை வெளியே நீட்டும். அந்த வால்களின் மெல்லிய கொழுப்புப் படலம்தான் சீப்பை வழுக்கிப் போகவிடுகிறது. அடிமயிருக்கு ஏற்கெனவே தலைத்தோலின் எண்ணெய் இருக்கிறது, அங்கே பூசினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். பூசுமுன் ஷாம்பு முழுவதும் போகும்வரை அலசுவது அவசியம். ஐந்தாம் குறிப்பில் கோப்பையில் கண்ட கலங்கலைத் தலையில் வைத்துக்கொண்டு “தலை சிக்குப் பிடிச்சுக் கிடக்கு” என்று கவலைப்படுகிறவர்கள் பலர்.

ஷாம்புவும் கண்டிசனரும் ஒன்றாய் உள்ள போத்தலில் இது எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது நேரேற்றமுள்ள நீண்ட பல்பகுதியம். போத்தலுக்குள் செறிவாக இருக்கும்வரை கலந்து நிற்கும். நாங்கள் தண்ணீர் ஊற்றி அலச, நீர்த்துப்போய், பிரிந்து மயிரில் படியும். அதனால் அந்த வகையை ஆறுதலாக, தண்ணீரை நிறைய விட்டு அலச வேண்டும்.

8. தேசிக்காய் அவித்துத் தோயும் எங்கள் பழைய வழக்கம் வேதியியலுக்கும் பொருந்துகிறது. தலையில் படிந்த கல்சியச் சவர்க்காரத்தைத் தேசிக்காயின் சித்திரிக் அமிலம் உடைத்து, கல்சியத்தைத் தன்னோடு கொண்டுபோகும். சீயாக்காயிலுள்ள சப்போனினும் சவர்க்காரத்தைப் போலக் கல்சியத்தோடு கட்டுப்பட்டுத் துணுக்காவதில்லை. இதில் கவனிக்க ஒன்றுண்டு: தேசிப்புளி தோலில் இருக்க வெயிலில் நின்றால் தோல் எரிந்து கறுக்கும். நன்றாக அலசிய பிறகே முற்றத்துக்கு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைக்க வசதி உள்ளவர்கள் தலைக்கு அதைப் பாவியுங்கள். கூரை கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள். பிடித்து வைத்ததை மூடி வையுங்கள். நுளம்பு முட்டையிட இடம் கொடுக்கக்கூடாது.

9. உடுப்பு மென்மையாக்கி கடைசித் தண்ணீருக்கு உரியது. சலவைத் தூளோடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கும். பருத்தி நூலும் தண்ணீரில் மறையேற்றமுள்ளது. மென்மையாக்கி அதில் தானாகவே படியும், அதிக நேரம் ஊறத் தேவையில்லை. இதன் மூலக்கூறுக்கு வால் இரண்டு. இரண்டு வாலுள்ளவை சாதாரண மிசெல்லாக உருள்வதில்லை, இரட்டை அடுக்குத் தாள்களாகவும் பைகளாகவும் மிதக்கும். போத்தல் பால்நிறமாய்த் தெரிவது அதனால். எங்கள் வன்னீரில் தோய்த்த துணி மொடமொடப்பாகக் காய்வதை இது நன்றாகவே போக்கும்.

எல்லாத் துணிக்கும் போடலாமா? கூடாது. துவாய்க்கும் குழந்தையின் நாப்பிக்கும் வேண்டாம்; கொழுப்புப் படலம் ஏறிய துணி தண்ணீரை உறிஞ்சாது. கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கென்று கஞ்சி போட்டு மடித்து வைக்கும் வேட்டிக்கும் வேண்டாம், கஞ்சியின் விறைப்பு கெட்டுவிடும். தவிலும் நாதஸ்வரமும் வளர்த்த ஊர் இது. தவில் வித்துவான் தட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் வாழ்ந்த ஊரில் பட்டு வேட்டி இல்லாத வீடு குறைவு. பட்டைச் சவர்க்காரக் கட்டியால் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தால் கல்சியப் படிவு ஏறி மினுக்கம் போகும். மழைத்தண்ணீரில் சிறிது மென்மையான ஷாம்பு விட்டு, முறுக்காமல் அலசி நிழலில் போடுங்கள்.

10. பஞ்சு எழும்பிய பிளானல் துணியில் தைத்த பிள்ளைகளின் உடுப்புக்கு மென்மையாக்கி போடவே வேண்டாம். அந்தத் துணி இலகுவில் தீப்பிடிக்கும். மென்மையாக்கி அதைக் கூட்டும். குத்துவிளக்கும் மெழுகுதிரியும் எரியும் வீடுகள் எங்களுடையவை.

11. நிலம் துடைக்கும் கிருமிநாசினி பென்சல்கோனியம் வகை என்றால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலில் கூட்டி, அழுக்கைத் துடைத்துவிட்டே இதைப் பாவிக்க வேண்டும். அழுக்கு இதைத் தின்றுவிடும். சலவைத் தூள் கரைத்த அதே வாளியில் இதை ஊற்றக்கூடாது. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: பருத்தித் துணி இந்த மூலக்கூறுகளைத் தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து நாள்முழுக்க வாளிக்குள் ஊறவிட்டுத் துடைத்தால், கிருமிநாசினியில் பெரும்பகுதி துணியில்தான் நிற்கும், நிலத்துக்குப் போவது மெலிந்த தண்ணீர். துணியை அப்போதைக்கப்போது நனைத்துத் துடையுங்கள், அல்லது செயற்கை நூல் துணியைப் பாவியுங்கள். துடைத்த நிலம் போத்தலில் சொன்ன நேரம் ஈரமாகவே கிடக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டு உடனே காயவைத்தால் கிருமி தப்பிவிடும்.

இந்த வகையின் கிருமிகொல்லும் ஆற்றலை 1935 இல் அறிவித்தவர் ஜேர்மன் மருத்துவர் கெர்காட் டொமாக். கிருமியின் மேற்சவ்வும் மறையேற்றமுள்ளது. நேரேற்றத் தலை அங்கே ஒட்ட, வால் சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கும். கொழுப்புறை உள்ள வைரசுகளையும் இப்படியே சிதைக்கும். உறையில்லாத வைரசுகளுக்கும் பக்டீரியா வித்திகளுக்கும் இது அவ்வளவாகப் பலிக்காது. மாரி வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குப் போட வேண்டியது குளோரின்தான், அதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில்.

12. கலக்கிய கிருமிநாசினியை மிச்சம் வைக்காதீர்கள். நாளைக்கும் ஆகும் என்று மூடி வைத்த மெல்லிய கரைசலில் சூடோமோனாஸ் முதலான பக்டீரியாக்கள் வளரும். வைத்தியசாலைகளிலேயே இப்படித் தொற்று வந்ததுண்டு. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள்.

13. எதையும் புகையாய்த் தெளிக்க வேண்டாம். தென்கொரியாவில் அறையின் ஈரப்பதம் கூட்டும் கருவிகளுக்குள் நேரேற்றமுள்ள ஒரு பல்பகுதியக் கிருமிநாசினியைப் போட்டுப் பாவித்தார்கள். தோலில் பெரிய கெடுதல் செய்யாத பொருள், நுண்துளியாய் நெஞ்சுக்குள் போனதும் நுரையீரலை அழித்தது. 2011 இல் காரணம் தெரியவந்தபோது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்படப் பலர் இறந்திருந்தார்கள். மென்மையாக்கியைத் தண்ணீரில் கரைத்து அறைக்கு வாசம் என்று தெளிக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

14. கண்ணுக்கு விடும் சொட்டுமருந்து பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைட்டு மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் 0.01 சதவீதமளவில், பாதுகாப்புக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். மென்மையான கண்வில்லை அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்தை விடுங்கள், 15 நிமிடம் கழித்தே திரும்ப அணியுங்கள். வில்லை அந்தப் பொருளை உறிஞ்சி வைத்திருந்து கண்ணை உறுத்தும்.

15. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. செற்றிமைட்டு வகைக் கரைசல் குளிரில் வைக்க அடியில் வெள்ளை ஊசிகளாய் உறையலாம். பழுதாகிவிட்டதென்று எறிய வேண்டாம். இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே மிசெல் கட்டாது, பளிங்காய்ப் படியும். முன்னே சொன்ன 16 காபன் புரோமைட்டுக்கு அது 25 பாகையை ஒட்டியது. போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிற்கவைத்து மெல்ல ஆட்டினால் திரும்பக் கரையும். அளவெட்டியில் மார்கழி, தை விடியலில் மட்டும் இந்தப் பேச்சு எழலாம். குளிர்சாதனப்பெட்டிக்குள் இவற்றை வைக்காமல் விட்டால் போதும்.

16. பூனையும் மீனும் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். கிருமிநாசினி காயாத நிலத்தில் நடந்த பூனை தன் காலை நக்கும். நாக்கும் வாயும் புண்ணாகும். நிலம் காயும்வரை அதை வெளியே விடுங்கள். மீனுக்கு இந்தக் குடும்பம் மிக நஞ்சு. 2016 இல் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற மலேரியா நுளம்பு கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, குடம்பியைத் தின்னும் மீன்களைக் கிணற்றில் விடும் வேலை வடக்கில் முக்கியமாகிவிட்டது. உங்கள் கிணற்றிலும் அந்த மீன் இருக்கலாம். கிணற்றுக்கட்டில் வைத்து மென்மையாக்கி வாளியை அலசாதீர்கள்.

17. கழுவுநீர் போகும் இடத்தைப் பாருங்கள். நேரேற்றப் பொருட்களைக் களிமண்ணும் உக்கலும் பிடித்து வைத்துக்கொள்ளும், எங்கள் செம்மண் அந்த வகையில் ஒரு காவல். மண் ஆழமாய் உள்ள வாழையடிக்கு வாய்க்கால் வெட்டி விட்டால் பெரும்பகுதி அங்கேயே நிற்கும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மெல்ல உடைக்கும். கல் வெளியே தெரியும் இடத்தில், வெடிப்புள்ள குழியில் ஊற்றினால் வடிகட்ட மண் ஏது? அது நேரே நிலத்தடி நீருக்குள் போகும், உங்கள் கிணற்றுக்கோ அடுத்த வளவுக் கிணற்றுக்கோ. பழைய வகை மென்மையாக்கிகள் மெதுவாகவே உக்கும் என்பதால் ஐரோப்பாவில் 1990 களில் அவற்றைக் கைவிட்டு, நடுவில் எசுத்தர் பிணைப்புள்ள, விரைவாக உடையும் வகைக்கு மாறினார்கள். வாங்கும்போது அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்ட கதை இந்தப் பக்கத்தவர்களுக்கு மறக்காது; 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. எந்தக் காரணத்தாலும் கிணற்றில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சவர்க்காரமோ சலவைத் திரவமோ ஊற்றி “கழுவ” முயலாதீர்கள். மிசெல்கள் எண்ணெயைத் தங்கள் நடுவில் ஏந்தித் தண்ணீரோடு கலந்துவிடும். படலம் கண்ணுக்கு மறையும், எண்ணெய் அங்கேயே இருக்கும், இப்போது குடிக்கும் குவளைக்குள்ளும் வரும். தெரிகிற எண்ணெயை எடுக்கலாம். கரைந்ததை எடுப்பது பெரும்பாடு. பிரதேச சபைக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்து, அவர்கள் சொல்லும்வரை அந்தத் தண்ணீரைப் பாவிக்காமல் இருங்கள்.

18. இவற்றில் எதையும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். செறிவான கரைசலைப் பிள்ளை ஒரு மிடறு குடித்தாலும் வாயும் தொண்டையும் வெந்துபோகும், மூச்சும் தடைப்படலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. ஏறி வரும்போது தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும், நுரைத்து நெஞ்சுக்குள்ளும் போகும். வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு, காத்திராமல் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரும் சதவீதமும் வைத்தியருக்குத் தேவைப்படும்.